சிற்றலை கேட்க எந்தப் பெட்டி?

மேசை வானொலி வாங்கலாமா, கையடக்கமானது போதுமா என்று கேட்பவர்களிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் ஏரியல் கம்பி கட்ட இடமுண்டா?

மேசைப் பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பலன் தருவது அந்தக் கம்பியால்தான். மாடியிலிருந்து தென்னைக்குப் பத்து மீட்டர் இழுத்துக் கட்டினால், பக்கத்து நிலையத்தின் ஆரவாரத்தை ஒதுக்கி, நாம் தேடும் மெல்லிய குரலை அது பிரித்துத் தரும். சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்பதால் இது சின்ன வேலையல்ல. ஒலிபெருக்கியும் பெரியது, காது மந்தமான பெரியவர்களுக்குச் சொல் தெளிவாக விழும்.

கையடக்கப் பெட்டியோ தன் குச்சி ஏரியலுக்கென்றே செய்யப்பட்டது. அவ்வளவு நீளக் கம்பியை அதில் மாட்டினால் பல பெட்டிகள் திணறி, ஒரு நிலையத்தின்மேல் இன்னொன்று ஏறிப் பேசும். இரண்டு மூன்று மீட்டர் போதும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கலாமே! இன்று நம் வீட்டு இரைச்சலுக்குப் பெரும்பாலும் எல்இடி விளக்கும் செல்பேசி சார்ஜரும்தான் காரணம். ஜன்னலோரத்திலும் முற்றத்திலும் சிறிய பெட்டி பெரியதை வென்றுவிடும். மின்வெட்டு நேரத்தில் கேட்கவே வேண்டாம். மின்வெட்டை வாழ்த்துகிறவர்கள் நாம் மட்டுமே!

வாடகை வீட்டில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் கடன் வாங்கிப் பெரியதை வாங்க வேண்டாம். சிறியதில், முள்ளுக்குப் பதில் எண் காட்டுவதாகப் பாருங்கள். முள் நூலிழை நகர்ந்தாலும் நிலையம் மாறிவிடும். பொழுது சாய்ந்தபின் கடைக்குப் போய், பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து 31 மீட்டரில் திருப்பிப் பாருங்கள். கடைக்குள்ளே எல்லாப் பெட்டியும் இரையத்தான் செய்யும்.