மேல் ஓடையில் மழையா?

2021 அக்டோபரில் ஆத்தூருக்குப் பக்கத்தில், ஆணைவாரி முட்டல் அருவியில் எடுத்த ஒரு வீடியோ தமிழ்நாட்டையே பதற வைத்தது. கைக்குழந்தையோடு ஒரு தாய் பாறையோரம் ஒதுங்கி நிற்கிறார். பக்கத்திலேயே செம்மண் நிறத்தில் வெள்ளம் அலறிக்கொண்டு விழுகிறது. மேலிருந்து கயிறு இறங்க, சிலர் வழுக்குப் பாறையில் தொற்றி நின்று தாயையும் பிள்ளையையும் மேலே ஏற்றிவிடுகிறார்கள். காப்பாற்றியவர்களில் இரண்டு பேர் பிடி நழுவித் தண்ணீரில் விழுந்து, நீந்திக் கரை சேர்ந்தார்கள். அன்றைய முதலமைச்சர் காப்பாற்றியவர்களை ஊரறியப் பாராட்டினார்.

அந்த வெள்ளம் கல்வராயன் மலையில் பெய்த மழையிலிருந்து வந்தது. அதே மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில்தான் கரியாலூர் இருக்கிறது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய், வளைவு வளைவாக ஏறினால் வழியில் பெரியார் அருவி. அப்புறம் வெள்ளிமலை, கரியாலூர்ப் படகுத்துறை, மேகம் அருவி, கவியம் அருவி. சனி, ஞாயிறு என்றால் சென்னை, புதுச்சேரி, சேலம் பதிவெண் வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. பைக்கில் வருகிறவர்கள், சைக்கிளை மிதித்தே ஏறுகிறவர்கள், அருவி வரை காட்டுவழியில் நடக்கிறவர்கள், குடும்பத்தோடு குளிக்க வருகிறவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் கிளம்பும்முன் பார்ப்பது செல்போனில் வரும் ஒரு சூரியன் படத்தை, அல்லது ஒரு மேகப் படத்தை. அது மலையடிவாரத்து ஊருக்கான கணிப்பா, மலைக்கான கணிப்பா என்று பார்க்கிறவர்கள் குறைவு.

காஷ்மீரின் குல்மர்க்கில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு குறை இல்லை. எந்தப் பகுதியில் பனி சரியும் ஆபத்து அதிகம் என்று சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. விளையாட வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கலாம். நமக்கு வானிலை மையம் தருவது மாவட்ட அளவில்: ‘கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.’ அந்த ஓரிரு இடங்கள் எவை என்பதில்தான் உயிர் இருக்கிறது. கோடையிலும் ஆவணி, புரட்டாசியிலும் அந்த இடம் பெரும்பாலும் மலைதான்.

ஏன் மலை என்றால், வெயிலில் சூடேறிய காற்று சரிவைப் பிடித்துக்கொண்டு மேலேறுகிறது. மதியத்துக்குமேல் கிழக்கிலிருந்து கடற்காற்றும் உள்ளே வந்துவிட்டால், மேற்கிலிருந்து வரும் காற்றோடு அது மோதுகிறது. ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழி இல்லை. காலை பத்து மணிக்கு ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம், மூன்று மணிக்குக் கறுத்துப்போவது இதனால்தான்.

கல்வராயன் மலை கூம்பாக நிற்கும் மலை இல்லை. 2,000 அடியிலிருந்து 3,000 அடி உயரம் வரை விரிந்து கிடக்கும் மேட்டு நிலம். பெரிய கல்வராயனில் சில இடங்கள் 4,000 அடியைத் தொடும். மேலே வயல் உண்டு, மரவள்ளித் தோட்டம் உண்டு, சாமையும் தினையும் விளையும் கொல்லைகள் உண்டு, ஊர்கள் உண்டு. அந்த மேட்டில் பெய்கிற மழையெல்லாம் ஓடை ஓடையாகச் சேர்ந்து, தாம்பாளத்தின் விளிம்பில் வழிவதுபோல மலையின் ஓரத்தில் வந்து விழுகிறது. அந்த ஓரங்களைத்தான் அருவி என்கிறோம். ஆக, அருவியின் அடியில் நிற்கிறவருக்கு மழை பெய்யும் இடம் கண்ணில் படவே படாது. அவர் தலைக்குமேல் வெயில் அடிக்கும். மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி மேட்டு நிலத்தில் கொட்டித் தீர்க்கும். பெரிய ஆறு என்றால் வெள்ளம் வந்து சேர மணிக்கணக்காகும். இந்த ஓடைகளுக்கு நீளம் குறைவு, சரிவு அதிகம். அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

தண்ணீர் வரும்முன் சில அடையாளங்கள் காட்டும். குளிக்க இறங்கும்போது கரையோரத்தில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கல்லைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து அந்தக் கல் பாதி மூழ்கியிருந்தால் மேலே மழை. தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், அருவியின் சத்தம் கனத்துப்போய் அடிவயிற்றில் கேட்டால், துண்டு, செருப்பு, செல்போன் எதையும் தேடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையின் போக்கில் கீழ்நோக்கி ஓடக்கூடாது, வெள்ளமும் அந்த வழியில்தான் வருகிறது. வண்டி நிற்பது எதிர்க்கரையில் என்றாலும் கடக்கக்கூடாது. தண்ணீரின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்; வேகமெடுத்த அரை அடித் தண்ணீர் வளர்ந்த ஆளையே வாரிவிடும். நிற்கும் கரையிலேயே இரண்டு மணி நேரம் காத்திருப்பதால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. இந்தச் சின்ன ஓடைகள் ஏறிய வேகத்திலேயே வடியவும் செய்யும்.

2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது. தமிழ்நாட்டில் அருவி என்றாலே நினைவுக்கு வரும் இடம் அது. காவலும் கண்காணிப்பும் உள்ள இடம். அங்கேயே இப்படி என்றால், ஆள் நடமாட்டம் குறைந்த கவியத்திலும் மேகத்திலும் நம் கண்ணும் காதும்தான் காவல்.

அடுத்தது பனி. இந்த மலையில் குல்மர்க் பனி விழாது. உதகைத் தலைகுந்தாவில் புல்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனிகூட இங்கே இல்லை. இங்கே இருப்பது மூடுபனி. அதில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மலைப்பாதையில் பாதி ஆபத்து குறைந்தது.

மார்கழி, தை மாதங்களில் வானம் துலக்கமாக, காற்று அசையாமல் இருக்கும் இரவுகளில் தரை வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடியற்காலையில் பார்த்தால் பள்ளமெல்லாம் வெள்ளையாக நிரம்பியிருக்க, மேட்டில் நட்சத்திரம் தெரியும். இந்தப் பனி வெயில் ஏறினால் கலைந்துவிடும். எட்டு எட்டரை மணி வரை ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் போதும், பாதை தெளிவாகிவிடும். கூடாரம் அடிக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஓடைப்பள்ளத்தில் அடித்தால் ராத்திரி எலும்பு வரை குளிரும், மழை வந்தால் வெள்ளமும் வரும். அதே சரிவில் கொஞ்சம் மேலே ஏறினால் குளிர் குறைவு.

இன்னொன்று ஐப்பசி, கார்த்திகையில் வருவது. வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரம் மலையில் ஏறி, சாலை மேலேயே மேகமாக உட்கார்ந்துவிடும். இது காத்திருந்தால் போகும் பனி இல்லை. மதியம் பன்னிரண்டுக்கும் அப்படியே இருக்கும், காற்று வீசினாலும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். பனி ஓரிடத்தில் அசையாமல் நின்றால் முதல் வகை, காற்றோடு நகர்ந்துகொண்டே இருந்தால் இரண்டாவது. இரண்டாவது என்றால், திரும்பும் நேரத்தை முன்னால் தள்ளி, வெளிச்சம் இருக்கும்போதே மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். வளைவுகளில் ஹாரன் அடித்து, முகப்பு விளக்கைத் தாழ்த்தி வைத்துப் போக வேண்டும். விளக்கை உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். சைக்கிளில் இறங்குகிறவர்களுக்கு இந்த நாட்களில் ஈரச் சக்கரத்தில் பிரேக் தாமதமாகப் பிடிக்கும் என்பது கூடுதல் கவலை.

காற்றைப் பற்றிக் கொஞ்சம். ஆனி, ஆடியில் மேல்காற்று மலையைக் கடந்து கிழக்குச் சரிவில் இறங்குகிறது. அப்படி இறங்கும் காற்று ஒரே சீராக வீசாது, சுழன்று திடீர் திடீரென்று தள்ளும். கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும் வளைவுகளில் பைக்கும் சைக்கிளும் ஆட்டம் காண்பது அதனால்தான். மலை மறைக்கும் வளைவிலிருந்து திறந்த வளைவுக்கு வரும் இடத்தில் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்க வேண்டும். பாராகிளைடிங்குக்குப் பேர்போன ஏலகிரியிலும் இதே கணக்குதான். காற்று எதிரே வந்து சரிவில் ஏறும்போது பறக்கலாம், முதுகுப்பக்கமிருந்து மலையைத் தாண்டி இறங்கும்போது குதிக்கக்கூடாது.

கரியாலூர்ப் படகுத்துறை சின்ன ஏரிதான். ஆனாலும் மிதிபடகு உயரமாக இருப்பதால் காற்று பிடித்துத் தள்ளிவிடும். போகும்போது காற்றுக்கு எதிரே மிதித்துப் போனால் களைத்துத் திரும்பும்போது காற்றே துணைக்கு வரும். உயிர்காப்பு உடையைப் படம் எடுப்பதற்காகக்கூடக் கழற்ற வேண்டாம். மின்னல் வெட்டினால் எண்ணத் தொடங்குங்கள்: இடிச்சத்தம் கேட்க மூன்று விநாடி ஆனால் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது விநாடிக்குள் கேட்டால் தண்ணீரையும் வெட்டவெளியையும் தனிமரத்தையும் விட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது.

மாசியிலிருந்து சித்திரை வரை காற்றின் பயம் வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20 பேருக்குமேல் இறந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. கல்வராயனின் இலையுதிர் காடும் கோடையில் அதே மாதிரி காய்ந்து கிடக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் நுழைவதும், அங்கே அடுப்பு மூட்டுவதும் நம் உயிரோடு மலைக்காரர் உயிரையும் சேர்த்துப் பணயம் வைப்பது.

புயல் நாட்களில் இன்னொரு தப்புக்கணக்கு நடக்கிறது. கரையைக் கடந்துவிட்டது, இனி பயமில்லை என்று வண்டியைக் கிளப்புகிறார்கள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் என்ன செய்தது? அதற்கு அடுத்த இரண்டு நாளுக்குள்தான் உள்மாவட்ட ஊரான ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். புயல் கரையைக் கடந்த பிறகுதான் உள்மாவட்டங்களில் மழை வலுத்தது.

இவ்வளவு சொல்வதால் கரியாலூருக்குப் போகாதீர்கள் என்று அர்த்தம் இல்லை. போக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த விஷச் சாராயச் சாவுகளோடு இந்த மலையின் பெயரையும் சேர்த்துப் பேசினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலையில் உள்ள மலையாளி பழங்குடிக் குடும்பங்களுக்கு நேர்மையான வருமானம் வர வேண்டும் என்றால், வருகிறவர்கள் வர வேண்டும், பத்திரமாகத் திரும்பவும் வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் மேட்டு ஊர்களிலும் பெய்யும் மழையை மணிக்கொரு தரம் அளந்து சொல்ல ஏற்பாடு வேண்டும். ஓடைகளின் நடத்தையைத் தலைமுறையாக அறிந்த மலை இளைஞர்களையே அருவிக் காவலர்களாகச் சம்பளத்துக்கு வைக்கலாம். மேல் ஓடையில் மழை என்றால், அருவிக்குப் போகும் பாதையின் தொடக்கத்திலேயே சிவப்புக் கொடி ஏற வேண்டும். கோமுகி அணையடியில் ஒரு பலகை வைத்து, அன்றைய பனி, காற்று, அருவித் தண்ணீர் நிலவரத்தைக் காலை ஏழு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் சாக்பீஸில் எழுதினால்கூடப் போதும். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து மலையேறும் வண்டிகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகின்றன.