கழுத்தில் வீக்கமா? "கட்டி" என்றதும் கதி கலங்க வேண்டாம்!

இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்சில் ஏறினால் கண் சொக்கும். ஒரகடம் ரோட்டில் டிரைவர் திடீர் பிரேக் போடுவார். தலை முன்னால் போய்ப் பின்னால் வெட்டும். "படக்"கென்று ஒரு வலி. தைலம் தேய்ப்பதோடு சரி.

பத்து நாள் கழித்துக் கண்ணாடியைப் பார்த்தால், காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு வீக்கம்! ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கட்டி, புற்று நோயா என்று பார்க்கவும்" என்று இருக்கிறது. வீட்டில் அடுப்பு எரியாது.

அவசரப்பட வேண்டாம்.

படம் ஏமாற்றும்

காதுக்குப் பின்னால் இருந்து காறை எலும்பு வரை கயிறு மாதிரி ஒரு தசை போகிறது. அது கிழிந்தால் ரத்தம் கசியும், நீர் கோக்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் வெளேர் என்று தெரியும். தசையில் வருகிற புற்றுக் கட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும்.

அடிபட்ட தசைக்குள் சில வாரத்தில் எலும்பே வளர்வதும் உண்டு. அவசரமாகச் சதை எடுத்துச் சோதித்தால், மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவரே எலும்புப் புற்று என்று ஏமாறக்கூடும். அமெரிக்க டாக்டர் ஆக்கர்மேன் 1958-ம் ஆண்டிலேயே இதை எழுதி எச்சரித்தார். காயம் என்றால் ஓரத்தில்தான் எலும்பு முதலில் முற்றும். புற்றில் தலைகீழ்.

ஒரு வரி போதும்

படம் பார்க்கிற டாக்டருக்கு உங்களைத் தெரியாது. சீட்டில் இருப்பதுதான் தெரியும். "கழுத்தில் வீக்கம்" என்று மட்டும் இருந்தால் கெட்டதைத்தான் முதலில் நினைப்பார். நினைக்கவும் வேண்டும். "இத்தனாம் தேதி பஸ்சில் கழுத்து வெட்டியது" என்று ஒரு வரி இருந்தால் கதையே வேறு. சில வாரம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்பார். காயம் என்றால் வீக்கம் சுருங்கியிருக்கும்.

அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் காண்டிராக்ட் தொழிலாளிக்குப் பயம். அடிபட்டுச்சுன்னு சொன்னா கேட்டிலேயே நிறுத்திடுவாங்களோ!

இ.எஸ்.ஐ. காண்டிராக்ட் ஆளுக்கும் உண்டு. வேலைக் காயத்தால் மூன்று நாளாவது படுத்துவிட்டால் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். 2010-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்குப் போகிற, திரும்புகிற வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால் இதில் சேரும். பஸ் பிரேக்கும்தான்!

அலட்சியமும் ஆகாது

"அடிபட்டதுதானே" என்று தைலத்தோடு நிற்கவும் கூடாது. மூன்று வாரம் தாண்டியும் குறையாத, கல் மாதிரி இறுகிய, வளர்கிற வீக்கம் என்றால் உடனே காட்ட வேண்டும். புகையிலை மெல்லுகிறவர் இன்னும் சீக்கிரம். வாய்ப் புற்று கழுத்தில் நெறி கட்டித் தெரிவது உண்டு. காச நோயும் அப்படியே.

காஞ்சீபுரம் காரப்பேட்டையில் அரசாங்கத்தின் அண்ணா புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆளுக்குப் பஸ் தூரம்தான். போகும்போது பழைய ஸ்கேன் படத்தையும், அடிபட்ட தேதியைக் குறித்த சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போகவும்.