பெரிய திரையில் பழைய படம்

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களின் இறுதியில், கொள்ளை நோய்க்கு அஞ்சி நாடு முழுவதும் வீட்டினுள் அடைந்து கிடந்தபோது, தூர்தர்ஷன் 'இராமாயணம்' தொடரை மீண்டும் ஒளிபரப்பிற்று. 1987-இல் தொடங்கி, மக்கள் காத்திருந்து கண்ட தொடர் அது. எங்கள் இல்லத்துப் புதிய, அகன்ற தொலைக்காட்சியில் அதைக் கண்ட என் அன்னையார், "ஒரு முகமும் துலக்கமாகத் தெரியவில்லையே, கண்ணில் புரை விழுந்துவிட்டதோ என்னவோ" என்று வருந்தினார். அவர் கண்ணிலும் குறையில்லை, பெட்டியும் பழுதன்று. கணக்கில்தான் சிக்கல்.

அந்நாளைய தொலைக்காட்சிப் படம் 625 வரிகளால் ஆனது. அவற்றுள் 576 வரிகளே கண்ணுக்குத் தெரியும் படத்தைத் தாங்குவன. அதனை எண்முறைக்கு மாற்றும்போது வரிக்கு 720 புள்ளிகள் வைப்பர். ஆக மொத்தம் 4,14,720 புள்ளிகள். உயர்தெளிவுத் திரையிலோ 1080 வரிகள், வரிக்கு 1920 புள்ளிகள், மொத்தம் 20,73,600. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு! வந்த படம் ஒரு பங்கு. நிரப்ப வேண்டிய இடம் ஐந்து பங்கு. ஒவ்வோர் எட்டு வரியையும் பதினைந்து வரியாக்க வேண்டும். எட்டுப் படிப் பாலைப் பதினைந்து படியாக்கும் வழியைப் பால்காரர் அறிவார். தொலைக்காட்சியும் அதையே செய்கிறது. அடுத்தடுத்த புள்ளிகளின் நிறங்களைக் கலந்து, இடைப்பட்டதை ஊகித்து நிரப்புகிறது. ஆதலால் விளிம்புகள் யாவும் மழுங்குகின்றன.

பழைய படக்குழாயில் இத்தொல்லை இல்லை. அங்கே கட்டம் கட்டமாக அமைந்த நிலைத்த புள்ளிகளை நிரப்பும் வேலையே கிடையாது. எலெக்ட்ரான் கற்றை திரையைத் தடவிச் சென்றது. அது பட்ட இடம் சற்றே பரவி ஒளிர்ந்தது. அம்மென்மையே குறைகளை மூடி மறைத்தது. திரையும் சிறியது.

இன்னொன்றும் உண்டு. அக்காலப் படம் ஒரே வீச்சில் வரையப்பட்டதன்று. முதலில் ஒற்றைப்படை வரிகள். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். அதற்குள் விரைந்தோடும் தேர் சிறிது நகர்ந்திருக்கும். புதிய திரை இரண்டையும் ஒன்றாகக் கோத்துக் காட்ட வேண்டும். கோப்பு பிசகினால் தேரின் விளிம்பு சீப்பின் பற்களைப் போலத் தோன்றும். இவற்றோடு, அலைவரிசையில் இடத்தை மிச்சம் பிடிக்கப் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கி அனுப்புகின்றனர். சுருக்கம் மிகுந்தால் கட்டங்களின் எல்லைகள் புலப்படும். பெரிய திரை அவற்றையும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

4:3 அளவுப் படத்தை 16:9 திரை முழுவதும் இழுத்து நிரப்புவதோ நாமே செய்துகொள்ளும் கேடு. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட, இராமனும் பருத்துவிடுகிறான். நான் அளவைப் பழையபடி அமைத்து, அன்னையாரின் நாற்காலியையும் பின்னுக்குத் தள்ளினேன். ஓரளவு நலம் தெரிந்தது.

ஒன்று வியப்பளிக்கக் கூடும். 1955-இல் வெளியான 'பதேர் பாஞ்சாலி' பல்லாண்டு மூத்ததாயினும், இன்று பெரிய திரையில் தெளிவாகவே விளங்குகிறது. அது படச்சுருளில் எடுக்கப்பட்டது. சுருளில் நுட்பங்கள் மிகுதியாகப் பதிந்துள்ளன. அவற்றை மீண்டும் நுணுக்கமாகப் படியெடுத்து, 2015-இல் 4கே வடிவில் வெளியிட்டனர். 576 வரிகளில் அடங்கிய ஒளிப்பதிவு நாடாவிலோ, பதியாத நுட்பத்தை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது, ஊகிக்கத்தான் இயலும்.

இவ்வளவும் அன்னையாருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆயினும் ஊரடங்கு தளர்ந்ததும் கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டே ஓய்ந்தார்.