சிரிப்பைக் காக்கும் ஆபரேஷன்

சிரிப்பதும், கண்ணை மூடுவதும் முக நரம்பின் வேலை. பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இந்த நரம்பு மூளையில் இருந்து புறப்பட்டு, காது எலும்புக்குள் குறுகிய குகை வழியாக வளைந்து முகத்துக்கு வருகிறது.

அந்தக் குகைக்குள் அபூர்வமாகக் கட்டி வளரும். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால், முகம் மெல்ல மெல்ல ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். காதும் மந்தமாகலாம்.

2 வழிகள்

கட்டியை அடைய 2 முக்கிய வழிகள் உண்டு. 1960-களில் மைக்ரோஸ்கோப் உதவியுடன் இவற்றைச் செம்மைப்படுத்தியவர் அமெரிக்க டாக்டர் வில்லியம் ஹவுஸ். இவர் முதலில் பல் டாக்டர்!

காது நன்றாகக் கேட்கிறதா? காதுக்கு மேலே மண்டை எலும்பில் ஜன்னல் திறந்து, மூளையை மெதுவாக ஒதுக்கி, மேலிருந்து இறங்குவார்கள்.

காது ஏற்கனவே செவிடா? காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, உள்காது வழியே போவார்கள். அந்தக் காது பிறகு கேட்காது.

அவசரம் கூடாது

கட்டியை எடுக்கும்போது நரம்பும் அறுபடலாம். கழுத்தில் இருந்தோ, காலில் இருந்தோ வேறு நரம்பை எடுத்து ஒட்டுவார்கள். முகம் அசையப் பல மாதம் ஆகும். பழைய சிரிப்பு அப்படியே திரும்பாது.

ஆகவே, கட்டி சிறிதாக இருந்து, முகமும் நன்றாக அசைந்தால், பல டாக்டர்கள் கத்தியை எடுப்பதில்லை. ஸ்கேன் மூலம் கவனித்து வருகிறார்கள்.

பொறுத்திருப்பதும் வைத்தியமே!