தானே கற்றலும் கல்லூரி வரவும்

தொம்மலூரில் எங்கள் அண்டை வீட்டுப் பையன் ஒரு நாள் மாலை ஆங்கிலத் தாள் ஒன்றைக் கொணர்ந்து, “மாமா, கிரெடிட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்று கேட்டான். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கும் உடனே விடை கிடைக்கவில்லை. பிறகு நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்திலேயே அச்சொல் இருப்பது நினைவுக்கு வந்தது. ‘வரவு’ என்பதே அது. பட்டம் பெறுவதற்கு இத்தனை பாடம் முடிக்க வேண்டுமென்று ஒரு கணக்கு உண்டல்லவா? கல்லூரியிற் சேருமுன்பே கற்றுத் தேறிய பாடத்தை அக்கணக்கில் வரவு வைக்கிறார்கள்.

அவன் கொணர்ந்த தாள், அமெரிக்கக் கல்லூரி வாரியம் நடத்தும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ பரீட்சையைப் பற்றியது. 1950-களின் நடுவில் தோன்றிய இப்பரீட்சை ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறுகிறது. பள்ளி மாணாக்கர், கல்லூரி முதலாண்டுத் தரத்தில் தாம் விரும்பிய பாடத்தை மட்டும் எழுதலாம். 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவர். வகுப்பிற் பயின்றிருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை.

தானே கற்றவர் என்றதும் கணித மேதை இராமானுஜன் நினைவு வருகிறது. 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்த அவர், கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டு, அவ்வுதவியை இழந்தார். 1907-இல் தனித்தேர்வராக எஃப்.ஏ. பரீட்சை எழுதியும் தேறவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறினாலன்றி, கணிதத் திறமைக்கு அன்று தனியே வரவு கிடையாது. பாடம் பாடமாக மதிப்பிடும் முறையின் அருமை இதனால் விளங்கும்.

ஆயினும், நேயர்களே, ஒன்றை மறத்தலாகாது. மதிப்பெண் இடுவது வாரியம். வரவு வைப்பது கல்லூரி. சில கல்லூரிகள் 3 பெற்றாலே ஏற்கும். சில 4 அல்லது 5 கேட்கும். சில எதையுமே ஏற்பதில்லை. ஒரு பாடத்துக்கு நூறு டாலருக்கு மேல் கட்டணம். ஆகவே, சேர விரும்பும் கல்லூரியின் விதியை முதலில் அறிக; நூல் வாங்குவது அதன் பின்னரே. பரீட்சை மே மாதமாயினும், பதிவு பெரும்பாலும் முந்திய நவம்பரிலேயே முடிந்துவிடும். வெளி மாணாக்கரை ஏற்கும் பள்ளியைத் தேடிக்கொள்ளும் பொறுப்பும் நம்முடையதே.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் வேறோர் உருவில் வேரூன்றியுள்ளது. ‘ஸ்வயம்’ இணையவழிப் பாடங்களைக் கற்றுத் தேறினால், கல்லூரிப் படிப்பில் 20 விழுக்காடு வரை வரவு வைக்கலாமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் விதித்தது; 2021-இல் அவ்வரம்பை 40 ஆக உயர்த்தியது. இங்கும் மாணாக்கர் தம் கல்லூரியின் இசைவை முன்னரே பெறுதல் நலம்.

தனியே படிப்போர்க்குள்ள பெருங்குறை, தம் பிழை தமக்குத் தெரியாமையே. வாரியம் வெளியிட்டுள்ள பழைய வினாக்களைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுக. உடன் வெளியிட்ட மதிப்பீட்டு நெறியோடு ஒப்பிடுக. விளங்காததை ஓர் ஆசிரியரிடம் கேட்டுத் தெளிக.

நான்கு பாடம் எழுத எண்ணியிருந்த பையன், மறுவாரம் தாளில் மூன்றை அடித்துவிட்டு வந்தான். எஞ்சியது கணிதம். அவன் சேர விரும்பும் கல்லூரி ஏற்பது அதனை மட்டுமே.