டிரெய்லருக்கும் ஒரு கை கிரீஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பெரிய தேர் மரச் சக்கரங்களில் ஓடிய காலத்தில், நிலைக்கு வந்து சேரப் பல நாள் பிடிக்கும். இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்த பிறகு, ஆடிப்பூரத்தன்று சில மணி நேரத்திலேயே நிலை சேர்ந்துவிடுகிறது. வடம் பிடிப்பவர்களுக்குப் பலம் கூடிவிடவில்லை. சக்கரத்திலும் அச்சிலும் வீணான பலம்தான் குறைந்திருக்கிறது.

அங்கிருந்து ராஜபாளையம் போகிற 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தேங்காயும் வைக்கோலும் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்களைப் பார்க்கலாம். டிராக்டருக்கு ஆயில் மாற்றிய தேதி உரிமையாளருக்கு மனப்பாடம். டிரெய்லர் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பைக் கழற்றி கிரீஸ் வைத்தது எப்போது என்று கேளுங்கள், யோசிப்பார். இன்ஜினே இல்லாத வண்டியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்ற நினைப்பு. பாரம் முழுவதும் உட்கார்ந்திருப்பதோ அந்த ஹப்புகளின் மேல்!

மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துத் தடவினார்கள். அங்கே இரும்பின் மேல் இரும்பு சறுக்கியது. அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கென் 1898-ல் காப்புரிமை பெற்ற பேரிங்கில் சறுக்கலுக்குப் பதில் உருளல் வந்தது. அதன் உருளைகள் ஒரு முனை சிறுத்து, சாய்வாக நிற்கும். அதனால் மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் வரும் தள்ளலையும் சேர்த்தே தாங்கும். இன்றைய டிரெய்லர் ஹப்புக்குள் பொதுவாக இருப்பது இந்த வகைதான்.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் அல்ல. பஞ்சு தண்ணீரைப் பிடித்துவைப்பதுபோல, லித்தியம் சோப்பின் இழைகள் எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கின்றன. அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உருளைக்கும் கப் எனும் வெளி வளையத்துக்கும் நடுவே ஏடாகப் படர்கிறது. அந்த ஏட்டின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. சாலைப் புழுதியின் ஒரு துகளோ பத்து மைக்ரான் இருக்கும். பழைய கிரீஸை வழிக்காமல் அதன்மேலேயே புதிதை அப்புவதால் என்ன ஆகும் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல மெக்கானிக் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காய வைப்பார். கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சிச் சுழலவிட மாட்டார்; வறண்ட உருளைகள் வேகமெடுத்தால் அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டு உடைந்து தெறிக்கும். உள்ளங்கையில் ஓர் உருண்டை கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற முனையை அதில் அழுத்தி அழுத்தி இழுப்பார், மறுமுனையில் கிரீஸ் பிதுங்கும்வரை. ஹப் முழுக்க அடைத்தாலும் தப்பு, கடைந்து கடைந்து சூடாகும்.

ஹப்பை மாட்டி அச்சு முனை நட்டை முறுக்குவதுதான் கைப்பழக்கம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தி, புது ஸ்ப்ளிட் பின் போட வேண்டும். இறுகினால் பேரிங் காயும். தளர்ந்தால் சக்கரம் ஆடும். ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்பது காய்ந்த சாலைக்கான கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மலையடிவார ஓடைகள் ஓடும்போது அந்தக் கணக்கு செல்லாது. பாரத்தோடு ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். அந்த இழுப்பில் தேய்ந்த ஆயில் சீல் வழியே தண்ணீர் உள்ளே போகும். அடுத்த நடைக்கு முன்பே ஹப் மூடியைத் திறந்து பாருங்கள். கிரீஸ் வெளுத்துப்போயிருந்தால் முழுதையும் வழித்தெறிந்துவிட்டு, சீலையும் மாற்ற வேண்டியதுதான்.