அளவுணவும் ஆயுளும்

உடலுக்கு ஊட்டம் மிக மிக ஆயுளும் மிகும் என்பது பலர் கருத்து. இதற்கு மாறான செய்தியொன்றை 1935-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் கிளைவ் மெக்கேயும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். எலிகள் சிலவற்றுக்கு அவர்கள் கலோரியை, அதாவது உணவு தரும் வெப்பத்தின் அளவைக் குறைத்தனர்; ஜீவசத்துக்களையும் தாதுவுப்புக்களையும் குறைத்திலர். அவ்வெலிகளின் வளர்ச்சி குன்றிற்று; எனினும் அவை, சிறப்பாக ஆணெலிகள், வயிறார உண்டவற்றினும் நெடுங்காலம் வாழ்ந்தன.

எண்ணெய் குறையின் விளக்கு விரைவில் அவியும். உணவு குறைய உயிர்விளக்கு மட்டும் நெடிது எரிவதேன்?

இவ்வினாவுக்கு விடையின் ஒரு பகுதி, மாவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரிற் கிடைத்தது. அதில் 'ஸர் 2' எனப்படும் புரதம் ஒன்றுண்டு. இப்புரதம் மிகுந்தால் ஈஸ்டின் ஆயுளும் நீளுமென்று மாஸச்சூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து லெனர்ட் குவாரென்டியும் அவர்தம் மாணாக்கரும் 1999-ல் கண்டனர். என்.ஏ.டி. என்னும் பொருளின் துணையின்றி அது தொழிற்படாதென்பது அடுத்த ஆண்டில் விளங்கிற்று. இவ்வினத்துப் புரதங்களுக்கு ஸர்ட்டுவின்கள் என்று பெயர். மனித உடலில் இவை ஏழு வகை.

உணவிலிருந்து ஆற்றல் பெறும் தொழிலிலும் என்.ஏ.டி. ஈடுபடுகின்றது, அப்போது அது ஹைட்ரஜனைச் சுமக்கும். உணவு சுருங்கியவிடத்துச் சுமையற்ற என்.ஏ.டி.யின் பங்கு மிகும். அதனால் ஸர்ட்டுவின் ஊக்கம் பெறும் என்று விளக்குவர். பிற புரதங்களில் ஒட்டியுள்ள அஸெட்டைல் என்னும் சிறு கூற்றை அது களைந்து, அவற்றின் செயலை மாற்றுகின்றது. உணவுக் குறைவை உயிரணுவுக்கு உணர்த்தும் தூதன் என்று இதனைக் கூறலாம்.

2010-ல் வெளியான பரிசோதனையொன்று இதனைத் தெளிவாக்கும். குறைந்த உணவுண்ட சுண்டெலிகள் முதுமையிலும் செவிப்புலன் காத்துநின்றன. மூன்றாம் ஸர்ட்டுவின் இல்லாத சுண்டெலிகளோ, அவ்வாறே உண்டும் அந்நன்மையைப் பெற்றில.

எனினும் அவசர முடிவு தகாது. 2011-ல் புழுக்களிலும் பழ ஈக்களிலும் செய்த மறுபரிசோதனையில், ஸர்ட்டுவின் மிகுதியால் ஆயுள் நீளவில்லை. குரங்குகள் பற்றி, உணவுக் குறைவு நன்மை தந்ததென்று விஸ்கான்ஸின் ஆராய்ச்சியாளர் 2009-ல் கூறினர். ஆயுள் மிகவில்லையென்று அமெரிக்கத் தேசிய முதுமை ஆராய்ச்சி நிலையத்தார் 2012-ல் கூறினர். முன்னவர் ஒப்புநோக்க வைத்த குரங்குகள் விருப்பம்போல் உண்டன. பின்னவருடையவை அளவோடு உண்டன. ஆகவே, பெருந்தீனியை ஒழித்தலே இந்நன்மையிற் பெரும்பங்கு போலும்.

மாணாக்கர் ஒன்றைக் கருதவேண்டும். மெக்கேயின் எலிகளுக்குக் குறைந்தது கலோரி மட்டுமே. வறியவர் கலத்திலோ சத்தும் உடன்குறைகின்றது. வளரும் பருவத்தார் தம் உணவைச் சுருக்குதல் தகாது. பசித்தோரைக் கண்டு, பசி நன்றே என்று அமைதல் அதனினும் தகாது. நிறைந்த கலத்தின்முன் அமர்ந்தவர்க்கே இவ்வாராய்ச்சி, போதும் என்னும் சொல்லைக் கற்பிக்கின்றது.